நகை போனது, நம்பெருமாள் தப்பினார்!

புன்னைக்காயல் பக்கம் கடலில் எடுத்த முத்துக்களால் கொழித்தவர்கள் பாண்டியர்கள். அவர்களில் சுந்தர பாண்டியன், 13ம் நூற்றாண்டில் ஸ்ரீரங்கம் கோவிலுக்கு முத்துமாலை உட்பட ஏராளமான நகைகளை வழங்கினான்.

1323ல் டில்லி சுல்தானின் படை ஸ்ரீரங்கத்திற்குள் புகுந்தது. அப்போது பிள்ளை லோகாச்சாரியார் என்ன செய்தார் தெரியுமா? 18 வைணவ நூல்கள் எழுதிய அவருக்குத் தள்ளாத வயது. இருந்தும் நம்பெருமாள் சிலையையும், நகைகளையும் எடுத்துக்கொண்டு, சீடர்களுடன் தெற்கே காட்டு வழியில் நடந்தார்.

வழியில் திருடர்கள் நகைகளைப் பறித்துக்கொண்டனர். அவரோ, தம் கையில் இருந்த பொருளையும் அவர்களிடமே கொடுத்துவிட்டாராம்! சிலை தப்பியதே, அது போதாதா?

மதுரை யானைமலை அருகே, இன்றைய கொடிக்குளத்தில் அவர் காலமானார். நம்பெருமாள் ஊர் ஊராக மறைந்திருந்து, 1371ல்தான் ஸ்ரீரங்கம் திரும்பினார்.