யுத்தத்துக்கு இலக்கணம் எழுதியவர்

12 வயதில் பிள்ளைகள் பம்பரம் விடுவார்கள். அந்த வயதில் பட்டாளத்தில் சேர்ந்தான் ஒரு சிறுவன். மறு ஆண்டே போர்முனையையும் கண்டான். அவன்தான் கார்ல் வான் கிளாஸ்விட்ஸ். ஜெர்மனியில் அன்று இருந்த பிரஷ்யா ராஜ்யத்தில் 1780-ல் பிறந்தவர்.

தோல்வி தந்த பாடம்

1806-ல் பிரஷ்யா நெப்போலியனுடன் மோதியது. ஜேனா, அவர்ஸ்டாட் என்ற இரண்டு இடங்களில் ஒரே நாளில் அதன் சேனை முறிந்தது. கிளாஸ்விட்ஸ் கைதியானார்.

பேர்போன சேனை ஏன் தோற்றது? பிரான்சில் குடிமக்களே போர்வீரர்களாகி இருந்தனர். பிரஷ்யாவிலோ போர் ராஜாவின் காரியம். ஜனங்கள் ஒதுங்கி நின்றார்கள். விடுதலையானதும், தம் குருநாதர் ஷார்ன்ஹார்ஸ்டுடன் சேர்ந்து சேனையைச் சீர்திருத்த உழைத்தார். உயர்குலத்தாருக்கே அதிகாரி பதவி என்ற வழக்கம் 1808-ல் சட்டப்படி ஒழிந்தது. 1814-ல் ராணுவ சேவை ஆண்கள் எல்லோருக்கும் கடமையாயிற்று.

அரசரின் கோபம்

1812-ல் நெப்போலியன் ருஷ்யாவின் மீது படையெடுத்தான். அவனுக்கு அடங்கியிருந்த பிரஷ்ய அரசர் துணைக்குச் சேனை அனுப்பினார். கிளாஸ்விட்ஸுக்கு மனம் பொறுக்கவில்லை. வேலையை உதறிவிட்டு ருஷ்ய சேனையில் சேர்ந்தார். அரசருக்கு இது பிடிக்கவில்லை. நெப்போலியன் வீழ்ந்த பிறகும், பெரிய சேனையை நடத்தும் பதவி அவருக்குக் கிடைக்கவில்லை. 1818-ல் பெர்லின் ராணுவப் பள்ளியின் நிர்வாகத்தைக் கொடுத்தார்கள்.

மனைவி காத்த புத்தகம்

ஓய்வு நேரத்தில் அவர் எழுதினார். யுத்தம் தானாக நிற்கும் காரியம் அல்ல. அது அரசாங்கத்தின் கையிலுள்ள கருவி. எதற்காகப் போர் என்பதை அரசாங்கம் தீர்மானிக்க வேண்டும். பட்டாளம் அதற்கு அடங்க வேண்டும். காகிதத்தில் போட்ட திட்டத்தை மழையும் சேறும் பசியும் பொய்ச் செய்தியும் களத்தில் குலைத்துவிடும். தாக்குவதைவிடத் தற்காப்பே வலிமையானது. இவையே அவர் சொன்ன முக்கிய கருத்துகள்.

1830-ல் வேறு வேலைக்கு மாற்றல் வந்தது. எழுதியவற்றைக் கட்டி முத்திரையிட்டு வைத்தார். மறு ஆண்டு நவம்பர் 16-ந் தேதி பிரெஸ்லா நகரில் காலராவுக்குப் பலியானார். வயது 51.

முத்திரையிட்ட கட்டுகளைப் பிரித்தவர் மனைவி மேரி. போர் நூலுக்கு ஒரு பெண் முகவுரை எழுதலாமா என்று உலகம் வியக்கும் என்பது அந்த அம்மாளுக்குத் தெரியும். ஆயினும் எழுதி, 1832-ல் நூலை அச்சேற்றினார்.

மறந்த பாடம்

அந்த ராணுவப் பள்ளியில் படித்த மோல்ட்கே 1870-ல் பிரான்சை முறியடித்தார். நூலின் புகழ் உலகெங்கும் பரவியது. ஆனால் முதல் உலகப் போரில் ஜெர்மன் தளபதிகள் அரசாங்கத்தையே ஆட்டிவைத்தார்கள். 1918-ல் தேசம் தோற்றது. கிளாஸ்விட்ஸைப் போற்றிய நாடே அவர் சொல்லைக் கேட்கவில்லை.