மருத்துவர் மீது ஐந்து வழக்குகள்

கல்லூரியில் பணியாற்றிய காலத்தில் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவில் சில ஆண்டுகள் உறுப்பினராக இருந்தேன். விடுதியில் அடிதடி, வகுப்பறையில் வாய்த்தகராறு என்று புகார்கள் வரும். விசாரிப்போம், பெற்றோரை அழைத்து வரச் சொல்வோம், இடைநீக்கம் செய்வோம். ஒருமுறை முதலாண்டு மாணவர் ஒருவரைப் பதினைந்து நாள்கள் இடைநீக்கம் செய்தோம். அவர் திரும்பி வரவே இல்லை. அடிபட்ட மாணவரிடம், அவர் வேண்டுவது என்ன என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை என்பது கோப்பை மூடிய பிறகே எனக்கு உறைத்தது. பணி ஓய்வுக்குப் பின் யானுஷ் கோர்ச்சாக்கின் வாழ்க்கையைப் படித்தபோது அந்தக் கோப்புதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

போலந்தின் வார்சா நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தவர் கோர்ச்சாக். இயற்பெயர் ஹென்ரிக் கோல்ட்ஷ்மித். பிறந்தது 1878-ஆ, 1879-ஆ என்பதில் அவருக்கே ஐயம் இருந்தது. வழக்குரைஞரான தந்தை பிறப்பைப் பதிவு செய்வதில் காலம் தாழ்த்திவிட்டார். அந்தத் தந்தை மனநோய்க்கு ஆளாகி 1896-இல் மறைந்தார். வசதியாக வளர்ந்த சிறுவன், பிறர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக் குடும்பத்துக்கு உதவ வேண்டியதாயிற்று. 1905-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். ருஷிய-ஜப்பானியப் போரில் ராணுவ மருத்துவர், பிறகு வார்சாவில் குழந்தைகள் மருத்துவமனைப் பணி, இடையே எழுத்தாளர் என்ற புகழ். இவ்வளவும் கைகூடிய நிலையில், 1912-இல் க்ரோஹ்மால்னா தெருவில் திறக்கப்பட்ட யூத அநாதைக் குழந்தைகள் இல்லத்தின் பொறுப்பை ஏற்றார். அன்றாட நிர்வாகத்தைச் சுமந்தவர் ஸ்டெஃபானியா வில்ச்சின்ஸ்கா என்ற பெண்மணி. கோர்ச்சாக்கின் புகழில் அவருக்குரிய பங்கு இன்றுவரை முழுமையாகத் தரப்படவில்லை என்பது என் கருத்து.

தெருவிலும் வறுமையிலும் வளர்ந்த குழந்தைகள் ஓரிடத்தில் கூடினால் சண்டைக்குப் பஞ்சமிராது. கோர்ச்சாக் பிரம்பை எடுக்கவில்லை, நீதிமன்றம் அமைத்தார். யாருக்கு யார் மீது குறையிருந்தாலும் பலகையில் எழுதிப் பதிவு செய்யலாம். அந்த வாரத்தில் தம் மீது வழக்கு எதுவும் இல்லாத குழந்தைகளுள் ஐவர் குலுக்கல் முறையில் நீதிபதிகளாவர். பெரியவர் ஒருவர் எழுத்தராக இருந்து வாக்குமூலங்களைக் குறித்துக்கொள்வார். தீர்ப்பளிப்பதில் அவருக்கு வாக்கு இல்லை.

சட்டத்தொகுப்பையும் கோர்ச்சாக்கே எழுதினார். அதன் முதல் 99 பிரிவுகளும் மன்னிப்பையோ, வழக்கைக் கைவிடுவதையோ சொல்பவை. தெரியாமல் செய்தவன், கோபத்தில் செய்தவன், வருந்துபவன் என ஒவ்வொருவருக்கும் ஒரு பிரிவு உண்டு. குற்றம் உறுதி என்று சொல்வதே 100-ஆவது பிரிவில்தான். அதற்குமேல் நூறு நூறாக ஏறும். 900-ஆவது பிரிவின்படி தண்டிக்கப்பட்டவன், தனக்காகப் பொறுப்பேற்கும் ஒருவரைத் தேடிக்கொண்டால்தான் இல்லத்தில் தொடரலாம். 1000 என்றால் வெளியேற்றம். அப்போதும் சில மாதங்கள் கழித்துத் திரும்பி வர விண்ணப்பிக்கும் உரிமை உண்டு. எங்கள் குழு வெகு எளிதாகச் சென்று சேர்ந்த இடத்துக்கு இந்தச் சட்டம் ஆயிரம் படி தள்ளித்தான் போய்ச் சேர்கிறது.

இம்முயற்சி தொடக்கத்திலேயே வென்றுவிடவில்லை. மன்னிப்புத்தானே கிடைக்கும் என்று சிலர் ஏளனம் செய்தனர்; அற்ப வழக்குகள் குவிந்தன. மனம் நொந்த கோர்ச்சாக் நீதிமன்றத்தைச் சிறிது காலம் நிறுத்தியே வைத்தார். மீண்டும் தொடங்கியபோது ஒரு புதிய விதி சேர்ந்தது: பெரியவர்கள் மீதும் குழந்தைகள் வழக்குத் தொடுக்கலாம். அரையாண்டில் கோர்ச்சாக் மீதே ஐந்து வழக்குகள் வந்தன. ஒரு சிறுவனின் காதில் அறைந்தது, ஒரு சிறுமியைத் திருடியதாகச் சந்தேகித்தது போன்றவை அவற்றுள் அடங்கும். அவ்வழக்குகளே தம்மை நல்லாசிரியனாக வளர்த்தன என்று அவர் எழுதி வைத்தார்.

பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் என்னை மிகவும் ஈர்த்தது வேறொன்று. குழந்தைகள் அவரிடம் பந்தயம் கட்டுவார்கள். சென்ற வாரத்தைவிட இந்த வாரம் குறைவாகச் சண்டையிடுவேன் என்பது பந்தயம்; பரிசு மிட்டாய். உடனே நிறுத்திவிடுவேன் என்று ஒருவன் வீராப்புப் பேசினால், முடியக்கூடிய எண்ணுக்கு அவனை இறக்கிக் கொண்டுவருவார். வார முடிவில் கண்காணிப்பு கிடையாது. குழந்தை சொன்னதே கணக்கு. ஊக்கத்தொகை, தகவல் சமமின்மை என்று முப்பது ஆண்டுகள் வகுப்பெடுத்திருக்கிறேன். சரிபார்க்காமல் கொடுக்கப்படும் ஊக்கத்தொகை வேலை செய்யும் என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை.

1926-இல் முழுதும் குழந்தைகளே எழுதும் வார இதழொன்றைத் தொடங்கினார். வானொலியில் கிழ மருத்துவராகப் பேசி நாடறிந்தவரானார். 1924-ஆம் ஆண்டின் ஜெனீவா குழந்தைகள் உரிமைப் பிரகடனம் உரிமையைக் கோராமல் கருணையை இரக்கிறது என்று குறை கூறினார். ஐ.நா.வின் குழந்தைகள் உரிமை உடன்படிக்கை 1989-இல் நிறைவேறியது. 1978-இல் அதனை முதலில் முன்மொழிந்த நாடு போலந்து.

அண்மையில் பள்ளியொன்றில் மாணவர் குறைதீர் குழு அமைக்க என்னிடம் ஆலோசனை கேட்டார்கள். மாணவர்களே விசாரிக்கட்டும் என்றேன், தலையசைத்தார்கள். ஆசிரியர்கள் மீதான புகாரையும் அவர்களே விசாரிக்கட்டும் என்றேன். தேநீர் வந்தது, பேச்சு வேறு பக்கம் திரும்பியது. மறுமுறை அழைப்பு வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. பணியில் இருந்தபோது நானும் அப்படித்தான் தேநீரைக் கையில் எடுத்திருப்பேன்.

நாஜிகள் வார்சாவைக் கைப்பற்றியபின், 1940-இல் இல்லம் யூதச் சேரிக்குள் மாற்றப்பட்டது. அப்போது பறிக்கப்பட்ட உருளைக்கிழங்கு வண்டியைக் கேட்கப் போன கோர்ச்சாக் சிறையில் அடைக்கப்பட்டார். மீண்டு வந்து, ஏறத்தாழ 200 குழந்தைகளுக்காக வீடு வீடாக உணவு யாசித்தார். 1942 ஜூலை 18 அன்று இல்லத்துக் குழந்தைகள் தாகூரின் 'அஞ்சல் நிலையம்' நாடகத்தை நடித்தனர். மருத்துவர் கட்டளையால் அறைக்குள் அடைபட்டு, அரசரின் கடிதத்துக்காகக் காத்திருக்கும் நோயுற்ற சிறுவனின் கதை அது. நான்கு நாள்களில், சேரியிலிருந்து மக்களை மரண முகாமுக்கு அனுப்பும் பணி தொடங்கியது. ஆகஸ்ட் முதல் வாரத்தில் இல்லத்தின் முறை வந்தது. தப்பிச் செல்லக் கிடைத்த வாய்ப்புகளை மறுத்துவிட்ட கோர்ச்சாக் குழந்தைகளோடு ரயிலடிக்கு நடந்தார். ஸ்டெஃபானியாவும் உடன் நடந்தார். ஒருவரும் திரும்பவில்லை.

ட்ரெப்லிங்கா முகாம் இருந்த இடத்தில் இன்று ஆயிரக்கணக்கான கற்கள் நடப்பட்டுள்ளன. அவற்றுள் தனி மனிதர் ஒருவரின் பெயரைத் தாங்கியது ஒரே கல்தான். அதில் கோர்ச்சாக்கின் பெயருடன் குழந்தைகளும் குறிக்கப்பட்டிருக்கிறார்கள்.