தொட்டி மீனும் கோபன்ஹேகன் பேராசிரியரும்

மலருக்கு ஏதாவது எழுதுங்கள் என்று சங்கச் செயலாளர் கேட்டதும் எனக்கு ஞாபகம் வந்தது, நம் விலங்கியல் ஆய்வகத்து ஜன்னலோரக் கண்ணாடித் தொட்டிதான். கொசுப்புழுவைத் தின்னட்டும் என்று கிணற்றிலும் சாக்கடையிலும் விடுவார்களே, அந்தக் கப்பி மீன்கள் அதில் இருந்தன. ஆண் மீன் ஒவ்வொன்றும் ஒரு தினுசு: ஆரஞ்சுப் பொட்டு, கறுப்புப் புள்ளி, நீலக் கோடு. பெண் மீனோ வெறும் சாம்பல் நிறம். இந்த நிறக் கணக்கைப் போட்டுப் பார்த்த ஒரு பெரியவரின் கதையைச் சொல்கிறேன்.

அவர் பெயர் ஓய்விந்த் விங்கே. டென்மார்க்கில் ஆர்ஹுஸ் நகரில் 1886-ல் பிறந்தவர். 1921-ல் கோபன்ஹேகன் கால்நடை, வேளாண்மைக் கல்லூரியில் மரபியல் பேராசிரியர் ஆனார். கப்பி ஆராய்ச்சியில் அவருக்கு முன்னோடி யோஹான்னஸ் ஷ்மிட். விலாங்கு மீன் எங்கே போய் முட்டையிடுகிறது என்று அட்லாண்டிக் கடலையே சலித்த மனிதர். கார்ல்ஸ்பர்க் பீர் கம்பெனியின் நிறுவனர் 1875-ல் தொடங்கிய ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். தகப்பன் மீனின் முதுகுத் துடுப்பில் உள்ள கறும்புள்ளி மகன்களுக்கு மட்டுமே போகிறது என்று 1920-ல் எழுதியவர் இவர்தான்.

ஏன் அப்படி? 1922-ல் விங்கே விடை சொன்னார். கப்பிக்கும் நம்மைப் போலவே 46 குரோமோசோம்கள். புள்ளிக்கான ஜீன் ஒய் குரோமோசோமில் இருக்கிறது. அது தகப்பனிடமிருந்து மகனுக்குத்தான் போகும். அப்பன் சொத்து ஆண் வாரிசுக்கே என்று நம் பக்கம் அந்தக் காலத்தில் சொல்வார்களே, அந்த மாதிரி!

வேலை லேசானதல்ல. ஒருமுறை ஆணோடு சேர்ந்த பெண் கப்பி, விந்தை மாதக்கணக்கில் உடம்பிலேயே சேமித்து வைத்துக்கொள்ளும். அதனால் பெண் குஞ்சுகளைப் பருவத்துக்கு வருமுன்பே பிரித்துத் தனியாக வளர்க்க வேண்டும். இப்படிப் பார்த்துப் பார்த்து வளர்த்து, 1927-ல் 18 ஜீன்கள் எந்தெந்தக் குரோமோசோமில் இருக்கின்றன என்று குறித்துவிட்டார்.

எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்தது வேறொன்று. கணக்குக்கு ஒத்து வராத மீனை அவர் தூக்கி எறியவில்லை. எக்ஸும் ஒய்யும் சில ஜீன்களைத் தமக்குள் மாற்றிக்கொள்வதை 1923-ல் எழுதினார். ஒய் இல்லாமலே ஆணாகப் பிறந்த அபூர்வ மீன்களைப் பற்றி 1930-ல் எழுதினார். ஆண், பெண் என்று தீர்மானிப்பதில் மற்றக் குரோமோசோம்களுக்கும் பங்கு உண்டு என்பது அதில் தெரிந்தது. ஷ்மிட் 1933-ல் காலமானதும் கார்ல்ஸ்பர்க் பதவி இவருக்கு வந்தது. அங்கே ஈஸ்டை ஆராய்ந்து, ஈஸ்ட் மரபியலின் தந்தை என்று பெயர் வாங்கினார். நாய்களின் மரபியல் பற்றியும் ஒரு புத்தகம் எழுதினார். 1964-ல் மறைந்தார்.

இப்போது என் கதை. அந்தத் தொட்டியில் நானும் மீன் வளர்த்தேன். புள்ளி போட்ட தகப்பனுக்குப் பிறந்த மகன்களில் ஒன்றுக்குப் புள்ளி வரவில்லை. ரெக்கார்டு நோட்டு சுத்தமாக இருக்கட்டும் என்று அதைப் பிடித்துக் கால்வாயில் விட்டுவிட்டு, எல்லாவற்றுக்கும் புள்ளி உண்டு என்று எழுதிவிட்டேன். தாய் மீன் வேறொரு ஆணின் விந்தைச் சேமித்து வைத்திருந்திருக்கலாம். என்ன காரணமோ, தேடிப் பார்க்கும் வழியை நானே அடைத்துவிட்டேன். முழு மார்க் கிடைத்தது. பிறகு ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலை. நூறு உதிரிபாகத்தில் ஒன்று அளவு தப்பினால், அதைத்தானே முதலில் எடுத்துப் பார்க்க வேண்டும்! அப்போதெல்லாம் அந்த மீன்தான் கண் முன்னால் வந்து நிற்கும்.

இன்னொரு செய்தி. விங்கேயின் கப்பிக் கட்டுரைகள் வெளிவந்த 'ஜர்னல் ஆஃப் ஜெனடிக்ஸ்' 1910-ல் இங்கிலாந்தில் தொடங்கியது. 1957-ல் இந்தியாவுக்குக் குடிவந்த விஞ்ஞானி ஹால்டேன் அதையும் கையோடு கொண்டுவந்தார். 1985 முதல் அதை வெளியிடுவது பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் அகாடமி. ஓசூர் எல்லை தாண்டினால் சுமார் 40 கிலோமீட்டர்!

தம்பி தங்கைகளே, அத்திப்பள்ளி வழியாக வேலைக்குப் போய் வருகிற நீங்கள், ஒருநாள் அந்தப் பழைய கட்டுரைகளைத் தேடிப் படியுங்கள். உங்கள் தொட்டியில் ஒரு மீன் ஒத்து வராவிட்டால், தயவுசெய்து நோட்டில் எழுதுங்கள். நான் எழுதவில்லை.