என்ஜினின் நாடி பார்த்தவர்
பந்தயக் கார் மன்னர் பெண்ட்லியின் கதை

பந்தயக் கார் வைத்திருப்பவருக்கு ஓயாத தலைவலி ஒன்று உண்டு. என்ஜினை எப்போது இறக்குவது? எப்போது பிரித்துப் பார்ப்பது?

சீக்கிரம் பிரித்தால் பணம் வீண். அதுமட்டும் அல்ல, புது பேரிங்கும் புது பிஸ்டன் வளையமும் பழகுவதற்கு நாள் ஆகும். நன்றாக ஓடிய என்ஜின் பூட்டியபின் மக்கர் செய்வதும் உண்டு. தள்ளிப் போட்டாலோ, பந்தயத்தின் நடுவிலே பிஸ்டன் உடையும். கார் நடுரோட்டில் நிற்கும்!

இந்தக் கணக்கில் கெட்டிக்காரராக விளங்கியவர் வால்டர் ஓவன் பெண்ட்லி. இங்கிலாந்துக்காரர். 1888-ம் ஆண்டு லண்டனில் பிறந்தார். ஒன்பது குழந்தைகளில் கடைசிப் பிள்ளை.

ரெயில் என்ஜின்தான் அவருக்கு முதல் ஆசை. 16 வயதில் டான்காஸ்டர் ரெயில்வே தொழிற்சாலையில் வேலை பழகச் சேர்ந்தார். பணக்கார வீட்டுப் பிள்ளைதான். ஆனாலும் கரி அள்ளிப் போட்டார். கையெல்லாம் எண்ணெய்! ஐந்து ஆண்டு கழித்து லண்டனுக்குத் திரும்பி, ஒரு வாடகைக் கார் கம்பெனியில் சேர்ந்தார். 250 கார்கள் ஓடின. அவை நிற்காமல் ஓட வேண்டும். செலவும் ஏறக் கூடாது. எந்த வண்டியைப் பட்டறைக்குள் விடுவது, எதை ஓட விடுவது என்பதுதான் அங்கே அன்றாட வேலை. இதைவிட நல்ல பள்ளிக்கூடம் அவருக்குக் கிடைத்திருக்காது.

விமானம் காத்த அலுமினியம்

1913-ல் ஒரு பிரெஞ்சு கார் தொழிற்சாலைக்குப் போனார். அங்கே மேஜையில் காகிதம் பறக்காமல் இருக்க ஒரு பொருள் வைத்திருந்தார்கள். பிஸ்டன் வடிவம், அலுமினியத்தில் செய்தது. பெண்ட்லியின் மூளையில் பொறி தட்டியது. இரும்பு பிஸ்டன் கனம். சூட்டையும் சீக்கிரம் விடாது. அலுமினியம் இலேசு, சூட்டை உடனே கடத்திவிடும். செம்பு கலந்த அலுமினியத்தில் பிஸ்டன் வார்க்கச் செய்தார். சாதாரண கார் பந்தயக் கார் ஆகிவிட்டது!

1914-ல் முதல் உலகப்போர் மூண்டது. பெண்ட்லி கடற்படையின் விமானப் பகுதியில் சேர்ந்தார். அப்போது இருந்த கிளர்ஜே என்ஜின் விமானிகளைப் பாடாய்ப் படுத்தியது. அது, சிலிண்டர்களும் சேர்ந்து சுழலும் வகை. காற்று ஒரு பக்கம் அதிகம் படும். மறுபக்கம் சூடு தங்கும். வட்டமான சிலிண்டர் கோணிக்கொள்ளும். வளையம் உடையும், பிஸ்டன் இறுகும். அடிக்கடி இறக்கி வேலை பார்க்க வேண்டியிருந்தது. ஆகாயத்தில் என்ஜின் நின்றால் உயிர் அல்லவா போகும்!

பெண்ட்லி பிரான்சில் உள்ள விமான தளங்களுக்கே போனார். விமானிகளையும் மெக்கானிக்குகளையும் கேட்டு அறிந்தார். அலுமினிய சிலிண்டருக்குள் இரும்பு உறை கொடுத்து, புது என்ஜின் செய்தார். விலையும் குறைவு. போர் முடிந்ததும் அரசாங்கம் அவருக்கு 8,000 பவுன் பரிசு வழங்கியது.

1919-ல் சொந்தக் கார் கம்பெனி தொடங்கினார். அவருடைய 3 லிட்டர் என்ஜினில் சிலிண்டரும் தலையும் ஒரே வார்ப்பு. நடுவே கசிவதற்கு இடமே இல்லை. ஆனால் வால்வைத் தேய்க்க வேண்டுமானால் முழு வார்ப்பையும் தூக்க வேண்டும்! ஆகவே, பிரிக்கும் முன்பு நன்றாக யோசிக்க வேண்டும். ஆயில் அழுத்தம் இறங்குகிறதா, ஆயிலில் உலோகப் பொடி மினுக்குகிறதா, நீலப் புகை வருகிறதா, கையால் சுற்றும்போது ஒரு சிலிண்டர் மட்டும் தளர்ந்து போகிறதா என்று பார்ப்பது அந்தக் காலத்துப் பட்டறை வழக்கம். நல்ல மெக்கானிக்குக்குக் காதே போதும்.

தண்ணீர் இல்லாமல் ஓடிய கார்

பிரான்சில் உள்ள லெமான் நகரில் 24 மணி நேரப் பந்தயம் நடக்கும். 1924-லும் 1927-லும் பெண்ட்லி கார் வென்றது.

1928 ஜூன் மாதம். மூன்று பெண்ட்லி கார்கள் ஓடின. ஒன்றின் அடிச்சட்டம் விரிசல் கண்டது. அதனால் தண்ணீர்க் குழாய் கழன்று, கார் விலகியது. பெண்ட்லிக்கு அடிவயிறு கலங்கியது. மற்ற கார்களும் அதே சட்டம்தானே! பர்னாட்டோவும் ரூபினும் மாறி மாறி ஓட்டிய கார் முன்னணியில் இருந்தது. அமெரிக்க ஸ்டட்ஸ் கார் விரட்டி வந்தது.

பயந்தபடியே நடந்தது. முடிவு நெருங்கும் நேரத்தில் பர்னாட்டோ காரின் சட்டமும் விட்டது. தண்ணீர் வெளியேறியது. என்ஜின் கொதித்தது. நிறுத்தினால் தோல்வி. வேகமாக ஓட்டினால் பிஸ்டன் இறுகிவிடும். குறிப்பிட்ட சுற்றுகள் ஓடி முடிக்காமல் தண்ணீர் ஊற்றவும் விதி இடம் கொடுக்கவில்லை.

பெண்ட்லி செய்வதற்கு ஒன்றும் இல்லை. கரையில் நின்று காத்திருந்தார். பர்னாட்டோ கம்பெனியின் தலைவர். தென் ஆப்பிரிக்க வைரச் செல்வம் கண்டவர். ஆனால் அன்று கஞ்சனைப்போல் ஓட்டினார். காலை மெல்ல எடுத்து, என்ஜினுக்கு நோகாமல் உருட்டி வந்தார். ஸ்டட்ஸ் காருக்கும் கடைசி கியர் போய்விட்டது. பெண்ட்லி முதலில் வந்தது! ஓடிய தூரம் சுமார் 1,658 மைல்.

1929-ல் முதல் நான்கு இடமும் பெண்ட்லி கார்களுக்கே. அன்று எதிரி இல்லை என்று தெரிந்ததும், வேகத்தைக் குறைக்கச் சொல்லி ஓட்டுநர்களுக்கு உத்தரவிட்டார். என்ஜினைக் காப்பாற்றத்தான். என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் முறை அவருக்குப் பிடிக்கவில்லை. பர்க்கின் என்ற வீரர் கேட்காமல் அப்படிக் கார்கள் செய்தார். 1930-ல் அந்த இரண்டு கார்களும் பாதியில் நின்றன. பெண்ட்லியின் சொந்தக் கார்கள் முதல் இரண்டு இடத்தைப் பிடித்தன.

என்ஜினைக் கணக்கிட்டவருக்குப் பணக் கணக்கு வரவில்லை. 1931-ல் கம்பெனி மூழ்கி, ரோல்ஸ்-ராய்ஸ் கைக்குப் போயிற்று. அவர் பெயரும் அதோடு போயிற்று. தம் பெயரில் கார் செய்ய அவருக்கே உரிமை இல்லை! 1935-ல் லகோண்டா கம்பெனியில் சேர்ந்து, 12 சிலிண்டர் என்ஜின் ஒன்றை உருவாக்கினார். 1939 லெமானில் அந்த என்ஜின் பூட்டிய இரண்டு கார்கள் ஓடின. இரண்டும் நிற்காமல் ஓடி, 3-வது, 4-வது இடத்தில் வந்து சேர்ந்தன.

1971 ஆகஸ்டு 13-ந் தேதி, தமது 82-வது வயதில் பெண்ட்லி காலமானார்.