பீரங்கியும் பள்ளிக்கூடச் சோறும்

1952 பொதுத் தேர்தலில் ஒரு விந்தை நடந்தது. சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த இராசபாளையத்துக் குமாரசாமி ராஜா தோற்றார். அதே தேர்தலில் திருவில்லிபுத்தூர் நாடாளுமன்றத் தொகுதி, அதே கட்சிக்காரரான காமராசரை டில்லிக்கு அனுப்பி வைத்தது. அரிசித் தட்டுப்பாடும் ரேஷனும் ஆளுங்கட்சியை ஆட்டிப் படைத்த காலம் அது. பசித்தவன் வாக்குச் சாவடியில் என்ன செய்வான் என்பதைக் காமராசர் அன்றே கண்ணாரக் கண்டார்.

1903ல் விருதுபட்டியில் பிறந்து, இளமையிலேயே தந்தையை இழந்து, படிப்பைப் பாதியில் விட்டவர் அவர். 1954ல் முதலமைச்சரானார். 1956ல் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு போட முனைந்தார். ஒரு பிள்ளையின் சாப்பாட்டுக்கு 10 காசு. அதில் அரசு 6 காசு, ஊரார் 4 காசு. அந்த ஆறு காசைத் தேடுவதே பெரும்பாடு!

1962 அக்டோபரில் சீனப் படை இமயத்தில் இறங்கியது. நாடு துடித்தது. கட்சி வேற்றுமை மறந்து எல்லோரும் அள்ளிக் கொடுத்தார்கள். எல்லையைக் காக்க வேண்டாமென்று எவன் சொன்னான்? ஒருவனும் சொல்லவில்லை. ஆனால் அந்தச் செலவு யார் தலையில் விழுந்தது?

1961-62ல் ஏறத்தாழ 300 கோடி ரூபாயாக இருந்த இராணுவச் செலவுக்கு, 1963-64 வரவு செலவுத் திட்டம் 867 கோடியை ஒதுக்கியது. ஒரு கோடி ரூபாய்க்குப் பத்துக் கோடி பள்ளிச் சாப்பாடு! மீதிக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் மண்ணெண்ணெய்க்கு வரியை ஏற்றினார். சம்பளக்காரனிடம் கட்டாயச் சேமிப்பு என்று பிடித்தார். 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக்கூடாது என்ற தங்கக் கட்டுப்பாட்டால் பொற்கொல்லர் பட்டறையில் நெருப்பு அணைந்தது.

குண்டு செய்தவனுக்குக் கூலி கிடைத்தது, சரி. அந்தக் கூலியை எடுத்துக்கொண்டு அவன் குண்டையா வாங்கித் தின்பான்? அரிசிக் கடைக்குத்தான் வருவான். பணம் பெருகிற்று, அரிசி பெருகவில்லை. இராசபாளையம் ஆலையில் நூல் நூற்றவனுக்கும் அந்த விலைதானே!

1963 அக்டோபர் 2ல் காமராசர் பதவியை உதறினார். அவர் பெயரால் அமைந்த திட்டத்தின்படி மொரார்ஜியும் அமைச்சரவையை விட்டு வெளியேறியிருந்தார். காங்கிரசுத் தலைவரான பிறகு இரண்டு பிரதமர்களைக் காமராசரால் அமர்த்த முடிந்தது; டில்லிப் பணப்பெட்டியின் போக்கைத் திருப்ப முடியவில்லை. 1965ல் பாகிஸ்தானுடன் போர். அதே ஆண்டு மழையும் பொய்த்தது. (எல்லாப் பழியையும் பீரங்கியின் மேல் போடுவது நேர்மையாகாது.) 1966 சூனில் ரூபாயின் மதிப்பே குறைக்கப்பட்டது.

1967 தேர்தல் வந்தது. இந்தித் திணிப்பு மூட்டிய கோபம் ஒருபுறம், அரிசி விலை மறுபுறம். சொந்த ஊரான விருதுநகரில், மாணவர் தலைவர் சீனிவாசனிடம் 1,285 வாக்குகளில் தோற்றார் காமராசர். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் குமாரசாமி ராஜாவைத் தாக்கிய அதே பசி!

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அத்தனை நெருக்கடியிலும் பள்ளிச் சாப்பாடு நிற்கவில்லை. 1975 அக்டோபர் 2ல் அவர் கண்மூடிய அன்றும் அந்தத் திட்டம் உயிரோடுதான் இருந்தது.