ஜார்ஜ் எலியட் அம்மையார்

ஜார்ஜ் எலியட் என்னும் ஆண்பெயர் பூண்டு நாவல்கள் இயற்றியவர் மேரி ஆன் இவான்ஸ் என்னும் பெண்மணியாவர். இவர் 1819-ஆம் ஆண்டு நவம்பர் 22-ஆம் நாள், இங்கிலாந்தில் வார்விக்ஷயரில், பெருநிலக்கிழார் ஒருவரின் நிலங்களை மேற்பார்த்துவந்த ராபர்ட் இவான்ஸ் என்பாருக்குப் புதல்வியாய்த் தோன்றினார். தந்தையார் 1849-இல் இறந்தபின் இலண்டன் சேர்ந்து, பத்திரிகைத் தொழிலில் அமர்ந்தார்.

ஆங்கே ஜார்ஜ் ஹென்றி லூயிஸ் என்னும் அறிஞருடன் நட்புண்டாயிற்று. லூயிஸ் மணமானவர். அவர் மனைவியார் வேறொருவர்பால் பெற்ற குழந்தையை அவர் தம் மகவாகவே ஏற்றுக்கொண்டமையால், மணவிலக்குப் பெற வழியற்றுப் போயிற்று என்பர். 1854-இல் இருவரும் ஜெர்மனிக்குச் சென்று மீண்டு, கணவன் மனைவியராகவே வாழலாயினர்.

இதனால் அம்மையார் உற்ற அல்லல் சிறிதன்று. லூயிஸை விருந்திற்கு அழைத்த வீடுகளின் வாயில் இவருக்கு அடைத்தேயிருந்தது. ஆடவர் இவர் இல்லம் வருவர். தம் மனைவியரை அழைத்து வாரார். ஒரே செயலுக்கு ஆணுக்கொரு நீதி, பெண்ணுக்கொரு நீதி! இளமையில் இவர் உயிரென நேசித்த தமையன் ஐசக், 1857-இல் செய்தியறிந்து உறவை அறவே முறித்தார்.

பின்னர்ப் பொருள் வந்தது. 1859-இல் வெளியான ஆடம் பீட் பெரும்புகழ் ஈட்டியது. ரொமோலாவிற்கு 7,000 பவுன் கிடைத்தது. மணந்த பெண்ணின் சம்பாத்தியம் 1870 வரை சட்டப்படி கணவனுக்கே உரியதாயிருந்தது. அம்மையாருக்கு அக்கட்டில்லை, எனினும் தம் வருவாயை லூயிஸின் பெயரிலேயே வங்கியில் இட்டுவந்தார். லூயிஸின் சட்டப்படியான மனைவியாரும் அதனாற் காக்கப்பட்டார். பொருளும் புகழும் சேரவே, ஞாயிறுதோறும் இவர் இல்லத்தில் அறிஞர் குழுமினர். 1877-இல் விக்டோரியா அரசியாரின் மகளார் லூயிசா தாமே விரும்பி இவரைச் சந்தித்தார்.

மிடில்மார்ச் நாவலில் (1871-72) கசாபன் என்பான், தன் மனைவி லாடிஸ்லாவை மணப்பின் சொத்தை இழப்பாளென உயில் எழுதிவைத்து மாள்கிறான். மணமும் பணமும் பிணைந்த முடிச்சை அம்மையார் ஏட்டில் மட்டும் கண்டவரல்லர். 1878-இல் லூயிஸ் இறந்தபோது, இருபத்துநான்கு ஆண்டு உடன்வாழ்ந்த இவர், அவரது உயிலில் மணமாகாத மேரி ஆன் இவான்ஸ் என்றே குறிக்கப்பட்டிருந்தார். தாம் ஈட்டிய பொருளைத் தாமே மரபுரிமையாய்ப் பெறவேண்டியதாயிற்று.

1880-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள், தம்மினும் இருபதாண்டு இளையவரான ஜான் கிராஸ் என்பவரை அம்மையார் தேவாலயத்தில் முறைப்படி மணந்தார். இருபத்துமூன்று ஆண்டு வாய்திறவாதிருந்த ஐசக், உடனே வாழ்த்துமடல் விடுத்தார். அவ்வாண்டு டிசம்பர் 22-ஆம் நாள் அம்மையார் உயிர்நீத்து, ஹைகேட் கல்லறையில் லூயிஸின் அருகே அடக்கஞ்செய்யப்பட்டார். அவ்வடக்கத்திற்கு ஐசக்கும் வந்திருந்தார்.