நாடிழந்த சேனாதிபதி முண்டுஸ்

ரோமன் சட்டத்தை ஒருமுறையேனும் புரட்டிப் பார்த்தவர்க்கு ஜஸ்டீனியன் சக்கரவர்த்தியின் பெயர் பழக்கமானது. அவனுடைய சிங்காதனத்தைக் கி.பி. 532-ஆம் வருஷத்தில் ஒரே நாளில் மீட்டுக் கொடுத்த சேனாதிபதிகள் இருவர். பெலிஸாரியஸின் சரிதம் பலரும் அறிந்தது. மற்றவனான முண்டுஸின் பெயரைக் கேட்டவருங்கூட அவன் எங்கிருந்து வந்தான் என்று விசாரிப்பதில்லை.

அவன் ரோமனுமல்லன், கிரேக்கனுமல்லன். டான்யூப் நதி தீரத்தில் வாழ்ந்த கெபிதர் என்னும் ஜெர்மானிய ஜாதியாரின் ராஜகுடும்பத்தில் பிறந்தவன். ஜோர்டானிஸ் என்னும் சரித்திராசிரியரோ அவனை ஹூணத் தலைவன் அட்டிலாவின் வம்சத்தவன் என்கிறார். இரண்டு குடிகளும் கலந்திருத்தல் அக்காலத்தில் அதிசயமன்று. தந்தையை இழந்தபின் அவன், ஸிர்மியம் நகரில் அரசு செலுத்திய தன் மாமன் திராப்ஸ்திலாவை அண்டியிருந்தான். கி.பி. 488-இல் இத்தாலியை நோக்கிப் புறப்பட்ட காத்தியர் வேந்தன் தியோடரிக்கை வழிமறித்துப் போரிட்டு அம்மாமனும் மாண்டான். முண்டுஸ் சொந்த ஜாதியாரை விட்டோடி, உழுவாரற்ற பாழ்நிலங்களில் அலைந்து, கள்வரையும் நாடோடிகளையும் கூட்டிச் சேர்த்து, டான்யூப் கரையில் ஹெர்தா என்னும் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு, தன்னைத் தானே அரசனாக்கிக் கொண்டான்.

கி.பி. 505-இல் இல்லிரியாவின் ரோம சேனாதிபதி ஸாபினியன் பெரும்படையுடன் வந்து அவனை வளைத்துக் கொண்டான். முண்டுஸ் சரணடைய எண்ணிய தருணத்தில், தியோடரிக்கின் தளபதி பிட்ஸியா 2,000 காலாட்களோடும் 500 குதிரை வீரரோடும் வந்து அவனை விடுவித்தான். தன் மாமனைக் கொன்ற போரை நடத்தியவனுக்கே அன்று முதல் முண்டுஸ் ஊழியனானான். போக்கிடமற்றவன் வேறென் செய்வான்?

526-இல் தியோடரிக் இறந்தான். 529-இல் முண்டுஸ் ஜஸ்டீனியனிடம் தூதனுப்பிச் சேவகம் வேண்டினான். சக்கரவர்த்தி அவனை வரவேற்று, ஸாபினியன் வகித்த அதே இல்லிரியச் சேனாதிபதி உத்தியோகத்தை அவனுக்கு அளித்தான்! எந்தப் படை தன்னைப் பிடிக்க வந்ததோ அந்தப் படைக்கே அவன் தலைவனானான். திரேஸ் மாகாணத்தில் புகுந்த பல்கேரியரையும் முறியடித்தான்.

நாடிழந்த ராஜகுமாரர்களுக்கு ஜஸ்டீனியனிடம் என்றும் இடமிருந்தது. 531-இல் பிராங்கியரால் அழிந்த துரிங்கியா ராஜ்யத்தின் இளவரசன் அமலாபிரீதன் பிற்காலத்தில் அவனுடைய தளபதிகளுள் ஒருவனானான். லாம்பார்டு அரசுரிமையை இழந்த இல்டிகெஸ் அரண்மனைக் காவற்படையொன்றிற்குத் தலைவனானான். அவனை ஒப்புவிக்கும்படி லாம்பார்டு அரசன் கேட்டபோது சக்கரவர்த்தி மறுத்துவிட்டான். இதனை இரக்கமென்று கொள்ள நமக்கு மனம் வரவில்லை. அண்டை நாட்டுச் சிங்காதனத்துக்கு உரிமை கொண்டாடத் தக்கவன் ஒருவன் தன் கையில் இருத்தல் சக்கரவர்த்திக்கு அனுகூலம். அன்றியும், அவ்வாறு வந்தவனுக்கு எஜமானனைத் தவிர வேறு பற்றுக்கோடில்லை. இதன் பயன் 532 ஜனவரியில் விளங்கிற்று.

அம்மாதம் கான்ஸ்டாண்டிநோபிளில், ரதப் பந்தயத்தில் பகை கொண்டிருந்த நீலக் கட்சியாரும் பச்சைக் கட்சியாரும் ஒன்றுகூடிக் கலகம் செய்தனர். வரிக்கொடுமைக்குப் பெயர்போன மந்திரி ஜான், நீதி மந்திரி டிரிபோனியன், நகராதிகாரி யூடெமன் ஆகிய மூவரையும் நீக்கவேண்டுமென்பது ஜனங்களின் கோரிக்கை. (சட்டத் தொகுப்பில் பெயர் பெற்ற அதே டிரிபோனியன்தான். ஜனங்கள் அவன்மீது சாட்டிய குற்றம், நீதியை விலைக்கு விற்றான் என்பது.) மூவரும் நீக்கப்பட்டும் கலகம் தணியவில்லை. ஜனவரி 18-ந் தேதி, ஹைபேஷியஸ் என்பானை, அவன் மனைவி மரியா அழுது தடுத்தும் கேளாமல், இழுத்துச் சென்று முடிசூட்டிப் பந்தய மைதானத்தில் அமர்த்தினர். சக்கரவர்த்தி கப்பலேறி ஓடவும் சித்தமானான். ராணி தியோடராவின் உறுதியே அவனை நிறுத்திற்று.

அரண்மனைக் காவலரோ, வெல்பவர் யாரென்று தெரியுமட்டும் எப்பக்கமும் சாராமல் நின்றனர். அவர்கள் அந்நகரத்து மனிதர். முண்டுஸ் அழைத்து வந்திருந்த ஹெரூலியர் என்னும் ஜெர்மானியப் படையினருக்கு அந்நகரில் உறவேது? பெலிஸாரியஸ் தன் சொந்தப் படையுடன் ஒரு புறமாகவும், முண்டுஸ் ‘நெக்ரா’ எனப்பட்ட மரண வாயில் வழியாகவும் மைதானத்தில் புகுந்தனர். உள்ளே கவசமின்றி நெருங்கி நின்ற ஜனத்திரள். மாண்டோர் 30,000-க்கு மேல் என்கிறார் புரொகோபியஸ். மலாலஸ் 35,000 என்கிறார். மறுநாள் ஹைபேஷியஸும் கொல்லப்பட்டுக் கடலில் எறியப்பட்டான். முண்டுஸ் சக்கரவர்த்தியிடம் மிகுந்த விசுவாசமுள்ளவன் என்று புரொகோபியஸ் சான்று கூறுகிறார். அதில் நமக்கும் ஆக்ஷேபமில்லை. அவ்விசுவாசத்தின் விலையைக் கொடுத்தவர் அந்நகரத்து ஜனங்களே.

535-இல் ஜஸ்டீனியன் காத்தியர்மேல் யுத்தம் தொடுத்தபோது, முண்டுஸ் டால்மேஷியாவுக்கு அனுப்பப்பட்டான். முப்பது வருஷங்களுக்கு முன் தன்னைக் காத்த ராஜ்யத்தின் மீதே படையெடுத்துச் சலோனா நகரைக் கைப்பற்றினான். 536-இல் காத்தியர் திரும்பி வந்தனர். வேவு பார்க்கச் சிறு படையுடன் சென்ற அவன் குமாரன் மௌரீஷியஸ், எதிர்ப்பட்ட பகைவருடன் பொருது மடிந்தான். செய்தி கேட்ட முண்டுஸ் அணிவகுப்பையும் பாராமல் பாய்ந்தான். காத்தியரில் சிறந்த வீரர் வீழ்ந்தனர். எஞ்சியவர் ஓடினர். துயரத்தால் தன்னை மறந்து துரத்திச் சென்ற கிழவனை, ஓடுவோருள் ஒருவன் திரும்பிக் குத்திக் கொன்றான். வென்ற படை தலைவனின்றி ஊர் திரும்பிற்று.

லத்தீனில் ‘முண்டுஸ்’ என்பதற்கு உலகம் என்பது பொருள். ஆப்பிரிக்கா பிடிபட்டபின் முண்டுஸ் தன் சந்ததியோடு அழியும் என்று பழைய ஆரூடமொன்று இருந்ததாம். ஆப்பிரிக்கா 534-இல் வசமானதும் உலகமே முடியப்போகிறதென்று ஜனங்கள் நடுங்கினர். சலோனாச் செய்தி வந்தபின் அச்சம் தீர்ந்தது.

ஆரூடம் முற்றும் பலிக்கவில்லை. மௌரீஷியஸுக்குத் தியூடிமுண்டு என்றொரு மகன் இருந்தான். 540-இல் இத்தாலியில் திரெவிசோ அருகே காத்தியர் ரோமப் படையை முறியடித்தபோது, மீசை அரும்பாத அவ்விளைஞனும் அப்படையில் நின்று, மயிரிழையில் உயிர் தப்பினான்.